நான்கு ஆண்டுச் சட்டப் பட்டம்: நடுவில் ஓர் ஆண்டு வேலை எதற்கு?

இங்கிலாந்தில் சட்டம் படிக்க, பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பொதுவாகக் கையாளும் யூகாஸ் அமைப்பின் வழியாக விண்ணப்பிக்கும்போது, ஒரே பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் கீழே ஒரே படிப்பு இரண்டு முறை இருப்பதைப் பார்க்கலாம். ஒன்று மூன்றாண்டு எல்.எல்.பி. இன்னொன்று, படிப்பின் நடுவே ஓர் ஆண்டு வேலைக்குப் போகும் 'பிளேஸ்மென்ட்' ஆண்டுடன் சேர்ந்த நான்காண்டு எல்.எல்.பி. இரண்டுக்கும் தனித்தனிக் குறியீட்டு எண்கள். முடிவில் கைக்கு வருவது ஏறக்குறைய ஒரே பட்டம்தான். அப்படியிருக்க எதற்கு இன்னோர் ஆண்டு என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2021க்கு முன்பு இதற்குச் சொல்லப்பட்ட பதிலுக்கும் இன்றைய பதிலுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் பலருக்குத் தெரியாததால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடுவோம். முதல் இரண்டு ஆண்டுகள் வழக்கம்போல வகுப்புகள்: ஒப்பந்தச் சட்டம், குற்றவியல் சட்டம், தீங்கியல் சட்டம், அரசமைப்பு மற்றும் நிர்வாகச் சட்டம், நிலச் சட்டம் என்று போகும். இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மாணவர் ஒரு வேலையிடத்துக்குப் போகிறார். அது சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி, ஆவண வேலைகளைச் செய்து தரும் வழக்கறிஞர்) நிறுவனமாக இருக்கலாம். ஒரு பெரிய கம்பெனியின் சட்டப் பிரிவாகவோ, உள்ளூர் கவுன்சிலின் சட்டப் பிரிவாகவோ, வசதியில்லாதவர்களுக்கு உதவும் லா சென்டராகவோ இருக்கலாம். பொதுவாக ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். பிறகு திரும்பி வந்து கடைசி ஆண்டைப் படித்து முடிக்க வேண்டும்.

வேலை செய்யும் அந்த ஆண்டிலும் அவர் மாணவர்தான். பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் பெயர் இருக்கும். ஓர் ஆசிரியர் பொறுப்பில் இருப்பார். நேரிலோ காணொலியிலோ வந்து எப்படிப் போகிறது என்று பார்ப்பார். ஆண்டு முடிவில் ஓர் அறிக்கை எழுத வேண்டும். பெரும்பாலான இடங்களில் அதற்குத் தேர்ச்சி, தோல்வி மட்டும்தான். பட்டத்தின் இறுதி வகுப்பை (முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற தரத்தை) அது பெரிதாக மாற்றாது.

'சாண்ட்விச் கோர்ஸ்' என்று அழைக்கப்படும் இந்த முறை பொறியியலிலிருந்து வந்தது. சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரி 1903லேயே இதைத் தொடங்கிவிட்டது. ஆஸ்டன், புரூனல், சர்ரே ஆகிய மூன்றும் உயர் தொழில்நுட்பக் கல்லூரிகளாக இருந்து 1966இல் பல்கலைக்கழகங்களாக ஆனவை. மாணவனை ஓர் ஆண்டு வேலைக்கு அனுப்பிப் பழகிய இடங்கள் என்பதால், சட்டப் படிப்பிலும் அவை அதையே தொடர்கின்றன. நாட்டிங்ஹாம் டிரென்ட், போர்ன்மவுத் போன்ற பல்கலைக்கழகங்களிலும் இந்த வகை எல்.எல்.பி. உண்டு.

2021இல் என்ன மாறியது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் ஆக, முன்பெல்லாம் பட்டத்துக்குப் பிறகு எல்.பி.சி. என்ற தொழிற்படிப்பு, அதன் பிறகு இரண்டாண்டு 'டிரெய்னிங் கான்ட்ராக்ட்' என்ற ஒரே பாதைதான் பெரும்பாலானவர்களுக்கு இருந்தது. கடினமான இடம் அந்த இரண்டாவது படிதான். பட்டமும் எல்.பி.சி.யும் கையில் வைத்துக்கொண்டு, டிரெய்னிங் கான்ட்ராக்ட் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் பேராலீகலாகவே, அதாவது சட்ட உதவியாளராகவே இருந்துவிட்டவர்கள் ஏராளம். அவர்கள் செய்ததும் சட்ட வேலைதான். ஆனால் அந்த ஆண்டுகள் தகுதிக் கணக்கில் ஏறுவது அபூர்வமாகவே நடந்தது.

2021 செப்டம்பர் 1 முதல் விதி மாறியது. சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான எஸ்.ஆர்.ஏ., எஸ்.க்யூ.இ. என்ற பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது. இப்போது சொலிசிட்டர் ஆக நான்கு விஷயங்கள் வேண்டும்: ஏதேனும் ஒரு பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி, எஸ்.க்யூ.இ.யின் இரண்டு கட்டங்களிலும் தேர்ச்சி, இரண்டாண்டு தகுதிப் பணி அனுபவம், நன்னடத்தைச் சோதனை.

பிளேஸ்மென்ட் ஆண்டின் மதிப்பை மாற்றியது இந்த மூன்றாவது விஷயம்தான். தகுதிப் பணி அனுபவத்தைச் சுருக்கமாக க்யூ.டபிள்யூ.இ. என்பார்கள். அது ஒரே இடத்தில் நடக்க வேண்டியதில்லை. நான்கு நிறுவனங்கள் வரை பிரித்துச் செய்யலாம். பட்டத்துக்குப் பிறகுதான் என்ற கட்டாயமும் இல்லை. படிக்கும்போதே செய்த வேலையும் சேரும். தேர்வுக்கு முன்பா பின்பா என்பதும் உங்கள் விருப்பம். சம்பளத்துக்குச் செய்ததா, சும்மா செய்ததா என்றும் யாரும் கேட்பதில்லை. உண்மையான கட்சிக்காரருக்கு உண்மையான சட்ட சேவை வழங்கும் வேலையாக அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். வகுப்பறையில் நடக்கும் மாதிரி வழக்காடல் இதில் சேராது. பல்கலைக்கழகத்தின் இலவசச் சட்ட ஆலோசனை மையத்தில் நிஜமான ஆட்களுக்குச் செய்த வேலை சேரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு மாதம் முழுநேரமாக இப்படிப்பட்ட வேலை செய்து, அது முறைப்படி உறுதி செய்யப்பட்டால், தேவையான இரண்டு ஆண்டில் சரிபாதி பட்டம் வாங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஓர் ஆண்டு தாமதமாகப் பட்டம் பெறுகிறார். சொலிசிட்டர் ஆகும் தேதியைப் பார்த்தால் எதையும் இழக்கவில்லை. முன்பு 'அனுபவம் கிடைக்கும், சி.வி.யில் நன்றாக இருக்கும்' என்று மட்டும்தான் இந்த ஆண்டைப் பற்றிச் சொல்ல முடிந்தது. இப்போது அது தகுதியின் ஒரு பகுதியாகவே ஆக முடியும்.

'ஆக முடியும்' என்றுதான் எழுதியிருக்கிறேன். தானாக ஆகாது. அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

அலுவலகத்தில் என்ன நடக்கும்

ஜெராக்ஸ் எடுக்கவும் காபி வாங்கவும்தான் விடுவார்கள் என்ற பயம் பல மாணவர்களுக்கு உண்டு. சில இடங்களில் அப்படியும் நடக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நல்ல இடத்தில் கிடைக்கும் பயிற்சியை எந்த விரிவுரையும் தந்துவிடாது. ஓர் உதாரணத்தைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

ஒரு வங்கி ஒரு கம்பெனிக்குக் கடன் கொடுக்கிறது. அதற்கு ஈடாகக் கம்பெனி தன் சொத்துகள்மீது ஒரு பிணையை எழுதிக் கொடுக்கிறது. அந்தப் பிணையை, கம்பெனிகளின் அரசுப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸில் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம். தவறினால், அந்தக் கம்பெனி நொடிக்கும்போது கலைப்பு அதிகாரிக்கும் கடன் கொடுத்த மற்றவர்களுக்கும் எதிராக அந்தப் பிணை செல்லாது. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருப்பார்கள். தேர்வுக்கு '21 நாள்' என்று மனப்பாடம் செய்தால் போதும்.

அலுவலகத்தில் அதே 21 நாளுக்குள் ஒரு நிஜமான கோப்பு இருக்கிறது. பத்திரத்தில் தேதி எழுதப்பட்டுவிட்டதா, எழுதியது யார்? நாள் எண்ணத் தொடங்குவது எப்போதிலிருந்து? பத்திரம் உருவான நாளுக்கு மறுநாளிலிருந்து. கம்பெனியின் பெயரும் பதிவெண்ணும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் இருக்கின்றனவா? மூலப் பத்திரத்தின் மெய்யொப்பமிட்ட நகல் வேண்டும்; அது பொதுப் பதிவேட்டில் எல்லோர் கண்ணிலும் படும் என்பதால் கையெழுத்துகளை மறைக்கலாம் என்று சட்டமே இடம் தருகிறது, அதைச் செய்தாயிற்றா? பிணையைப் பதிவு செய்யும் எம்.ஆர்.01 படிவம் போய்விட்டதா, திருப்பி அனுப்பிவிட்டார்களா, சான்றிதழ் வந்ததா? இருபத்தோராம் நாள் அலுவலக நாட்காட்டியில் ஒருவர் பெயரில் மட்டும் இல்லாமல் இரண்டு பேர் பெயரில் குறிக்கப்பட்டிருக்கிறதா? நாள் தாண்டிவிட்டால் நீதிமன்றத்துக்குப் போய் அவகாசம் கேட்டு நிற்க வேண்டும். அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்ற பேச்சும் அன்றே தொடங்கிவிடும்.

இந்தக் கோப்பை மேற்பார்வையாளர் அருகில் இருக்க ஒருமுறை முடித்த மாணவருக்கு அந்தச் சட்டப்பிரிவு ஆயுளுக்கும் மறக்காது. ஒரு கெடுவை அந்தச் சட்டம் ஏன் வைத்திருக்கிறது, அது யாரைக் காப்பாற்றுகிறது என்பதும் விளங்கிவிடும். கடைசி ஆண்டில் வகுப்புக்குத் திரும்பும்போது அந்த மாணவர் வாசிக்கும் விதமே வேறாக இருக்கும்.

வேறு வேலைகளையும் சொல்லலாம். கட்சிக்காரருடன் பேசியதை அன்றே குறிப்பாக எழுதிக் கோப்பில் சேர்ப்பது. புதுக் கட்சிக்காரர் வரும்போது, அவருடைய எதிர்த்தரப்பு ஏற்கெனவே நம் கட்சிக்காரராக இருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பது. நீதிமன்றத்துக்கான ஆவணக் கட்டைத் தொகுத்துப் பக்க எண் இடுவது. அந்தப் பக்க எண் வேலையை அற்பமாக நினைக்காதீர்கள். நீதிபதி 214ஆம் பக்கம் என்று சொல்லும்போது எல்லோருடைய கையிலும் அதே பக்கம் இருக்க வேண்டும். பல சொலிசிட்டர் நிறுவனங்களில் நேரத்தை ஆறு நிமிடக் கூறுகளாக எழுதி வைக்க வேண்டும். ஒரு மணிக்குப் பத்துக் கூறு. முதல் மாதம் இது மூச்சு முட்டும். போகப் போக, ஒரு வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்ற கணிப்பு கைக்கு வரும்.

லா சென்டரில் சேர்பவருக்கு உலகம் வேறு. 1970இல் லண்டனின் வட கென்சிங்டனில் தொடங்கிய முதல் மையத்தின் வழியில் வந்தவை இவை. வாடகை பாக்கிக்காக வீட்டை விட்டு வெளியேறச் சொல்லும் கடிதத்துடன் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பல நேரங்களில் அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. கிழக்கு லண்டனிலும் ஹாரோவிலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் தமிழராகவே இருக்கலாம். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த மாணவருக்கு அங்கே மொழியே ஒரு தொழில் தகுதி. பெரிய வணிக நிறுவனங்களின் பெயருக்காக இந்த இடங்களை ஒதுக்கிவிடாதீர்கள் என்று மனதாரச் சொல்வேன். கட்சிக்காரரை நேரில் கேட்டு, கதையிலிருந்து சட்டப் பிரச்சினையைப் பிரித்தெடுக்கும் பயிற்சி இவ்வளவு சீக்கிரம் வேறெங்கும் கிடைப்பதில்லை.

பணம்

இங்கிலாந்தில் உள்ளூர் மாணவர்களுக்கு 2025-26இல் ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 9,535 பவுண்ட். பிளேஸ்மென்ட் ஆண்டுக்கு அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அதாவது அதிகபட்சம் 1,905 பவுண்ட். அதற்கும் கல்விக் கடன் கிடைக்கும். வாழ்க்கைச் செலவுக்கான கடன் மட்டும் சம்பளம் தரும் பிளேஸ்மென்ட் ஆண்டில் குறைந்துவிடும். முழுநேர மாணவர் என்பதால் கவுன்சில் வரி (குடியிருக்கும் வீட்டுக்கு உள்ளாட்சி வாங்கும் வரி) விலக்கு தொடரும்.

சம்பள விஷயத்தில் ஒரு விதியைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். உயர்கல்விப் படிப்பின் கட்டாயப் பகுதியாக, ஓராண்டுக்கு உட்பட்டு வேலைக்குப் போகும் மாணவருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. பல நிறுவனங்கள் நல்ல சம்பளமே தருகின்றன. ஆனால் தராமல் இருப்பதும் சட்டப்படி சாத்தியம். லண்டனில் வாடகை கொடுத்துக்கொண்டு ஓராண்டு சம்பளமில்லாமல் வேலை பார்ப்பது எல்லாக் குடும்பங்களாலும் முடிகிற காரியமில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் திறக்கும் கதவாக இது ஆகிவிடக் கூடாது. பல்கலைக்கழகங்கள் இதில் இன்னும் அழுத்தமாகக் குரல் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. உங்கள் பல்கலைக்கழகத்தில் பிளேஸ்மென்ட் உதவித்தொகை இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

செலவுக் கணக்கில் எஸ்.க்யூ.இ.யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021இல் இரண்டு கட்டங்களுக்கும் சேர்த்துத் தேர்வுக் கட்டணம் 3,980 பவுண்ட். அதன் பிறகு ஏறியிருக்கிறது. முதல் கட்டத்தில் 180 கேள்விகள் வீதம் இரண்டு தாள்கள். எல்லாம் ஐந்து விடைகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் வகை. இரண்டாம் கட்டம் செயல்திறனைச் சோதிப்பது: கட்சிக்காரரிடம் பேசுவது, நீதிமன்றத்தில் வாதிடுவது, கடிதமும் ஆவணமும் எழுதுவது. பிளேஸ்மென்ட் ஆண்டில் செய்தது இரண்டாம் கட்டத்துக்கு நேரடியாகவே உதவும். தேர்வுக் கட்டணத்தைத் தாமே ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. பிளேஸ்மென்ட் முடிந்த இடத்திலேயே அடுத்த இரண்டாண்டுப் பயிற்சிக்கு அழைப்பு வருவதும் நடக்கிறது.

வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்தக் கட்டண உச்சவரம்பு இல்லை. பிளேஸ்மென்ட் ஆண்டுக்கு அவர்களிடம் எவ்வளவு வாங்குவது என்பதைப் பல்கலைக்கழகமே தீர்மானிக்கிறது. பொதுவாக வழக்கமான ஆண்டைவிடக் குறைவு. விசாவைப் பொறுத்தவரை, மாணவர் விசாவில் இருப்பவர் முழுநேர பிளேஸ்மென்ட் செய்ய வேண்டுமானால் அது படிப்பின் பிரிக்க முடியாத, மதிப்பிடப்படும் பகுதியாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால், கல்விப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம் என்ற வேலை வரம்பில் அது சேராது. மூன்றாண்டுப் படிப்புக்கு விசா வாங்கி வந்து பாதியில் பிளேஸ்மென்ட் ஆண்டைச் சேர்க்க நினைத்தால் விசாவை நீட்டிக்கும் அலைச்சலும் செலவும் சேரும். எனவே ஆசை இருந்தால் தொடக்கத்திலேயே நான்காண்டுக் குறியீட்டில் விண்ணப்பிப்பது நல்லது. நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்குவது பெரும்பாலும் ஒரு படிவத்தோடு முடிந்துவிடும். மேலே ஏறுவதுதான் சிரமம்.

இடம் கிடைப்பது

பல்கலைக்கழகம் வேலையை வாங்கித் தரும் என்று நினைத்துச் சேர்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. விளம்பரங்களைச் சொல்வார்கள், சி.வி. திருத்தித் தருவார்கள், மாதிரி நேர்காணல் வைப்பார்கள். விண்ணப்பித்து இடம் பிடிப்பது மாணவர் வேலை. இடம் கிடைக்காதவர் மூன்றாண்டுப் பட்டத்துக்கு மாறி நேராகக் கடைசி ஆண்டுக்குப் போய்விடுவார்.

விண்ணப்பக் காலம் இரண்டாம் ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் நிறுவனத்துக்குக் காட்ட உங்களிடம் இருப்பது முதலாண்டு மதிப்பெண் மட்டும்தான். பல பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மதிப்பெண் பட்டத்தின் இறுதி வகுப்புக்குச் சேராது என்பதால் மாணவர்கள் அதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். பிளேஸ்மென்ட் வேண்டும் என்பவர் அப்படி இருக்கவே கூடாது.

பாரிஸ்டர் (முக்கியமாக நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்) ஆக விரும்புபவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குப் பன்னிரண்டு மாத 'பியூப்பிலேஜ்' என்ற பயிற்சி கட்டாயம். அதை ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் செய்த பிளேஸ்மென்ட் ஆண்டைக் காட்டிக் கழித்துவிட முடியாது. கோப்புகள் எங்கிருந்து எப்படி வருகின்றன என்று தெரிந்துகொள்ள உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டமும் தகுதி முறையும் தனி. இங்கே சொன்ன எதையும் அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

இந்தியாவுக்குத் திரும்பி வழக்கறிஞராக நினைப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தை ஏற்பதற்கு இந்திய பார் கவுன்சில் தனி விதிகள் வைத்திருக்கிறது. பட்டத்தை ஏற்ற பிறகும் தகுதித் தேர்வு உண்டு. பிளஸ் டூ முடித்து நேராகப் படித்த எல்.எல்.பி.யை ஏற்பதில் படிப்பின் கால அளவு ஒரு முக்கியமான சிக்கல். பிளேஸ்மென்ட் ஆண்டோடு நான்கு ஆண்டு ஆனாலும் அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் பார் கவுன்சிலின் அன்றைய விதியை வாசித்துவிடுங்கள்.

கையெழுத்து

இனி, தானாக ஆகாது என்று முன்னே சொன்ன விஷயம்.

பிளேஸ்மென்ட் ஆண்டைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வதும் எஸ்.ஆர்.ஏ. ஏற்றுக்கொள்வதும் இரு வேறு காரியங்கள். அறிக்கை எழுதி, தேர்ச்சி வாங்கி, பட்டச் சான்றிதழில் பிளேஸ்மென்ட் என்று அச்சாகி வந்தாலும், அந்த மாதங்கள் தகுதிப் பணி அனுபவத்தில் ஒரு நாள்கூடச் சேராமல் போகலாம். அதைச் சேர்ப்பது ஒரு கையெழுத்து. இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் சொலிசிட்டர் ஒருவரோ, அந்த நிறுவனத்தில் விதிகள் பின்பற்றப்படுவதற்குப் பொறுப்பான அதிகாரியோ அதைப் போட வேண்டும். அப்படி யாரும் அங்கே வேலை செய்யாவிட்டால், உங்கள் வேலையை நேரடியாக அறிந்து, உங்கள் மேற்பார்வையாளரின் கருத்தையும் கேட்டறிந்த வெளிச் சொலிசிட்டர் ஒருவர் போடலாம்.

கையெழுத்துப் போடுபவர் மூன்றைத்தான் உறுதி செய்கிறார்: எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள், சொலிசிட்டருக்கு வேண்டிய திறன்களில் குறைந்தது இரண்டையாவது வளர்த்துக்கொள்ள வாய்ப்பு இருந்ததா, உங்கள் நன்னடத்தையைச் சந்தேகிக்க ஏதாவது நடந்ததா. நீங்கள் கெட்டிக்காரரா என்று அவர் சான்று தர வேண்டியதில்லை. அதைச் சோதிக்கத் தேர்வு இருக்கிறது. இதைத் தெரியாத மேற்பார்வையாளர்கள் ஏதோ பெரிய பொறுப்பைத் தலையில் சுமத்துகிறார்கள் என்று தயங்குகிறார்கள். பணிவாக எடுத்துச் சொல்லும் மாணவரிடம் அந்தத் தயக்கம் பெரும்பாலும் போய்விடும்.

எனவே வேலைக் கடிதத்தில் ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேளுங்கள்: இந்த வேலையை க்யூ.டபிள்யூ.இ.யாக உறுதி செய்வீர்களா, யார் செய்வார்? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலிருந்தே ஒரு பதிவேடு வையுங்கள்: எந்தத் தேதியில் என்ன வகை வேலை, எந்தத் திறன் வளர்ந்தது, யார் பார்த்துத் திருத்தினார்கள். கட்சிக்காரர் பெயரோ வழக்கு விவரமோ அதில் வரக் கூடாது. கட்சிக்காரர் ரகசியம் காப்பது மாணவருக்கும் பொருந்தும். மேற்பார்வையாளர் நடுவில் வேறு நிறுவனத்துக்குப் போவதாகச் சொன்னால், அவர் போவதற்கு முன்பே அதுவரையான மாதங்களுக்கு உறுதி வாங்கிவிடுங்கள். கடைசி நாள் விடைபெறும் பரபரப்பில் இது விட்டுப்போவது சகஜம். அதனால் கடைசி மாதத்தின் தொடக்கத்திலேயே அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போய்விடுங்கள்.